விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்

ஜனவரி 6

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். அம்மா என்னைவிட நலம், ஏனென்றால் அவளுக்குக் காலையில் எழுந்து போக ஒரு பள்ளிக்கூட அலுவலகம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே மேலேயும் கீழேயும் அனுப்பியவன், ஓய்வு கொடுத்த மூன்று மாதமாக ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நானே லிஃப்ட் மாதிரி போய்வந்துகொண்டிருக்கிறேன். "கொஞ்சம் உக்காருங்களேன், தரை தேயுது" என்கிறாள் உன் அம்மா. உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. "காலையும் ரிட்டையர் பண்ணுங்க" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஸ்டுடியோக்காரர் புது பிரிண்டர் வாங்கிவிட்டு, மேஜை மேல் வைக்கிற பழைய இங்க்ஜெட்டை என் தலையில் கட்டிவிட்டார். எதற்கென்றால், நான் வேலை நேரத்தில் திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் இருக்கின்றனவே, லிஃப்டுக்குள் நிற்கிறவர்கள்? டாக்டர், நோயாளி, வக்கீல், அவர் கட்சிக்காரர், எல்லாரும் உள்ளே வந்ததும் தலையைத் தூக்கி அந்த மாடி எண்ணையே பார்ப்பார்கள், அதில்தான் தலையெழுத்து ஓடுகிற மாதிரி. அதில் இருபது படத்தை வாசகசாலைச் சுவரில் பத்து நாள் மாட்டிக்கொள்ளலாம் என்று நூலகர் சொல்லிவிட்டார். ஏப்ரல் 27 முதல். நான் எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதது உனக்குத் தெரியும்.

ஆனால் கறுப்பு வெள்ளைப் படம் கறுப்பு வெள்ளையாக வர மாட்டேன் என்கிறது. ஹால் டியூப்லைட்டில் சரியாக இருக்கிறது. வாசலுக்குக் கொண்டுபோனால் பாசி பிடிக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "இந்த டாக்டருக்கே காமாலையா?" என்று கேட்டாள். சமையலறை குண்டு பல்புக்குக் கீழே காட்டினேன். "இப்போ தேவலை, ஆனா செங்கல் சூளையில வேலை பாக்குறவர் மாதிரி இருக்காரு" என்றாள். ஒரே டாக்டர், ஒரே பேப்பர்!

உன் மில்லில் துணியின் ஷேடு பார்க்க ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது என்று போனில் சொன்னாயே, உள்ளே மூன்று விதமான விளக்கு மாற்றி மாற்றிப் போடலாம் என்று. இரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன். விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்துச் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் அம்மாவுடையது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மடியில் வைத்துக்கொள்கிறாள். கவர் நம் இருவருடையது.

அம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. "மூணு மாசம் தாங்க மாட்டா, பைய தூக்கிட்டு வந்து நிப்பா" என்றது வாய் மட்டும்தான். நீயும் பதிலுக்கு, "சோதனைக் காலம் ஆறு மாசமும் முடிஞ்சு வேலை நிரந்தரம் ஆகாம இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டுப் போனாய். இரண்டு பேருக்கும் ஒரே வாய். நான் நடுவில் நாள் எண்ணுகிறேன். ஏப்ரல் முப்பதோடு ஆறு மாதம். நீ நிரந்தரமானால் ஸ்வீட் வாங்கி ஊருக்கே கொடுப்பேன், அம்மாவுக்கு இரண்டு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் சாப்பிடாமல் ஓடாதே.

அப்பா

*

ஜனவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடுகிறேன். உங்கள் காலுக்கு என் விசாரிப்பு.

மதிய இடைவேளையில் பார்த்தேன். வெளிப்பொருள் எதையும் விளக்குப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது எங்கள் மேற்பார்வையாளர் அம்மாவின் விதி. அவரை நாங்கள் கண்ணாடியம்மா என்போம். அவர் சாப்பிடப் போன பிறகு வைத்தேன்.

முதல் சுவிட்ச் பகல் வெளிச்சம்: பச்சை. இரண்டாவது கடைகளில் இருக்கிற டியூப்லைட்: சரியான சாம்பல். மூன்றாவது குண்டு பல்பு: சிவப்பு. அம்மா கண் தப்பாகச் சொல்லவில்லை.

இது எங்கள் துணியிலும் நடக்கும். உங்கள் பிரிண்டர் சாம்பல் நிறத்தைச் சாம்பல் மையால் அடிக்கவில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் மாதிரிக் காட்டுகிறது. ஒரு விளக்கில் அந்த வேஷம் நிற்கும், இன்னொரு விளக்கில் கலைந்துவிடும். நீங்கள் டியூப்லைட்டில் உட்கார்ந்து சரிசெய்கிறீர்கள், அதனால் டியூப்லைட்டில் மட்டும் சரியாக இருக்கிறது. வாசகசாலையில் பெரிய ஜன்னல்கள், ஞாபகம் இருக்கட்டும். பிரிண்டரில் கறுப்பு மையை மட்டும் பயன்படுத்தச் சொல்ல வழி இருக்கிறதா பாருங்கள்.

வேலை பிடித்திருக்கிறது. நேற்று கண்ணாடியம்மா என் கையெழுத்தோடு ஒரு லாட்டை, அதாவது ஒரே சாயத்தில் வந்த துணி மொத்தத்தை, மறுபடி பார்க்காமலே அனுப்பினார். இங்கே அது பெரிய விஷயம். அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லாமல்.

வாலு

*

ஜனவரி 29

அன்புள்ள வாலுக்கு,

நலமாக இரு. இங்கே அம்மா நலம், நான் நலம், பிரிண்டருக்குத்தான் சளி. கறுப்பு மை மூக்கடைத்துக்கொண்டது. தலையைக் கழுவு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் கழுவுகிற சாக்கில் பாதி மையை அதுவே குடித்துவிடுகிறது.

கண்ணாடியம்மா விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். நீ சொல்லச் சொன்னாய் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன், வாய் தவறி. "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் அரை மணி நேரம் உன் கையெழுத்தைப் பற்றித்தான் பேச்சு. சுவரில் காதை வைத்துக் கேட்டேன்.

கறுப்பு மையில் மட்டும் அடித்துப் பார்த்தேன். நிறம் போச்சு, நல்லது. ஆனால் வெளிச்சமான இடமெல்லாம் மிளகுத்தூள் தூவிய மாதிரிப் புள்ளி. பளபளப்பு பேப்பரில் ரொம்ப மோசம். ஸ்டுடியோக்காரர், "மேட் பேப்பர் போடுங்க அண்ணே, மை அதுல நல்லா இறங்கும்" என்றார். போட்டேன். வக்கீல் முகம் துடைத்து எடுத்த மாதிரி மங்கிவிட்டது. மை பிடிக்கிற பூச்சு ஒரு பக்கம்தானாம், பேப்பரைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். எது பூச்சுப் பக்கம் என்று கண்ணால் தெரிவதில்லை. உதட்டை ஈரமாக்கி மூலையில் வைத்தால் பூச்சுப் பக்கம் ஒட்டும், அதுதான் அடையாளமாம். அம்மா வேலையிலிருந்து வரும்போது நான் ஜன்னலோரம் நின்று கட்டுப் பேப்பரை ஒவ்வொன்றாக முத்தமிட்டுக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றாள். "இருபத்தாறு வருஷத்துல எனக்கு இவ்வளவு கிடைச்சதில்ல" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

இப்போது ஐந்து அனுப்பியிருக்கிறேன். பின்னால் எண் போட்டிருக்கிறேன். சிலதில் கறுப்பு மட்டும், சிலதில் கலர் கொஞ்சம் கலந்து. எது எது என்று சொல்ல மாட்டேன், நீ கண்ணால் சொல். மூன்று விளக்கிலும், ஒன்றுவிடாமல்.

அப்பா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன், பிரிண்டர் உட்பட.

1: பகலில் பச்சை. 2: மூன்றிலும் கிட்டத்தட்டச் சாம்பல், ஆனால் மிளகு. 3: மூன்றிலும் சாம்பல், மிளகும் கை தூரத்தில் தெரியவில்லை. இதுதான். 4: பல்பில் சிவப்பு. 5: 4-ன் தம்பி.

மூன்றாவது மேட் பேப்பரில் கறுப்பு மட்டும், சரியா? அந்தப் படத்தில் இருக்கிற நர்சின் வெள்ளைத் தொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். லாட் காத்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள், ஓடினேன்.

மில்லில் இப்போது பள்ளிச் சீருடைக் காலம். நிற்க நேரமில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் படத்துக்கும் நடுவில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது. படத்தைத் தேர்ந்தெடுத்தேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

வாலு

*

பிப்ரவரி 16

அன்புள்ள வாலுக்கு,

முதலில் சாப்பிடு. பிறகு என் படத்தைப் பார். இரண்டையும் செய்.

மூன்றாவது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு இருந்த இடத்தில் ஒரு குதி குதித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுக்கை. படுத்துக்கொண்டே யோசித்ததில் இன்னொரு வம்பு தெரிந்தது. அடித்த உடனே ஒரு சாம்பல், மறுநாள் காய்ந்த பிறகு வேறு சாம்பல். நேற்று மட்டமென்று குப்பையில் போட்டது இன்று நன்றாக இருக்கிறது. நேற்று நன்றாக இருந்தது இன்று அழுமூஞ்சியாக இருக்கிறது. இப்போது ஹாலில் கொடி கட்டிக் காயவைக்கிறேன். அம்மா குனிந்து குனிந்து நடக்கிறாள்.

எட்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன். மை அடர்த்தியை ஒவ்வொன்றிலும் ஒரு படி மாற்றியிருக்கிறேன். எட்டையும் மூன்று விளக்கில் பார்த்தால் இருபத்துநாலு பார்வை. உனக்குத் தொந்தரவுதான். ஆனால் சும்மா 'நல்லா இருக்குப்பா' என்று எழுதினால் எனக்குப் போதாது. எனக்கு இங்கே உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் எனக்கு இரண்டு தெரு முன்னாலேயே கேட்கிறது.

சீக்கிரம் எழுது.

அப்பா

*

மார்ச் 5

வாலுக்கு,

நலமா? எட்டும் வந்து சேர்ந்ததா? போனில் அம்மாவிடம் "வேலை நல்லாத்தான் போகுது" என்று நீ சொன்னது கேட்டது. எனக்குப் பேச முறை வருவதற்குள் வைத்துவிட்டாய். பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவசரமில்லை. அவசரமில்லை என்று மூன்று தடவை எழுதி அடித்தேன், இது நாலாவது.

அப்பா

*

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

எட்டும் நன்றாக இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் மாட்டலாம்.

ஒரு விஷயம். இனி மில் முகவரிக்கு எழுத வேண்டாம். அங்கே தபால் கைக்கு வர நாளாகிறது. கீழே இருக்கிற விடுதி முகவரிக்கு அனுப்புங்கள்.

இடுப்பு எப்படி இருக்கிறது? குதிக்காதீர்கள்.

வாலு

*

மார்ச் 25

அன்புள்ள வாலுக்கு,

இடுப்பு இடுப்பில்தான் இருக்கிறது. அம்மா நலம். உன் புது முகவரியைப் பிரிண்டர் மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

எட்டும் நன்றாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ எதையும் ஒட்டுமொத்தமாக நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஐந்து வயதில் உன்னைக் கடைக்குக் கூட்டிப்போனால் பொம்மையைத் திருப்பி முதுகைப் பார்ப்பாய். நான் திறமைசாலி ஆகிவிட்டேன் போலிருக்கிறது. இந்த வயதில் தாங்குமா தெரியவில்லை.

கடைசியாக இரண்டே இரண்டு. 'அ' ஒன்று, 'ஆ' ஒன்று. கிழவரும் சக்கர நாற்காலியும் இருக்கிற அதே படம். எதை மாட்டலாம், ஏன், அதை மட்டும் எழுது. அதற்கு மேல் உன்னைத் தொல்லை செய்ய மாட்டேன்.

அம்மா உனக்கு ஒரு போர்வை வாங்கி வைத்திருக்கிறாள். உனக்கு என்று சொல்லவில்லை. "வீட்டுல ஒண்ணு கூட இருக்கட்டுமே" என்றாள். வீட்டில் போர்வைக்குப் பஞ்சமில்லை.

அப்பா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். 'அ'வும் 'ஆ'வும் ஒரே மாதிரி இருக்கின்றன. வித்தியாசமே தெரியவில்லை. எதையும் மாட்டலாம். இரண்டுமே அருமை.

அம்மாவின் போர்வையை அம்மாவே போர்த்திக்கொள்ளட்டும். இங்கே குளிரில்லை.

வாலு

*

ஏப்ரல் 8

என் செல்லத்துக்கு,

நீ நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை.

உன்னிடம் ஒரு தில்லுமுல்லு செய்தேன். 'அ' கறுப்பு மையில் மட்டும் அடித்தது. 'ஆ' மூன்று கலரையும் கலந்து அடித்தது. ஹால் டியூப்லைட்டுக்குக் கீழே மூன்று நாள் நின்று, இரண்டும் இம்மியும் மாறாமல் இருக்கும்வரை அடித்து அடித்துப் பார்த்தேன். நாற்பத்துமூன்றாவது தடவை சேர்ந்தது. வாசலுக்குக் கொண்டுபோனால் 'ஆ'வில் இருக்கிற கிழவர் கீரைக்கட்டு மாதிரி இருக்கிறார். அம்மா பத்தடியிலிருந்து, "அது என்ன, உடம்புக்கு முடியாதவரா?" என்று கேட்டாள்.

விளக்குப் பெட்டியில் முதல் சுவிட்சைப் போட்டிருந்தால் உனக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பெட்டி வேண்டாம், ஒரு ஜன்னல் போதும். உன் கண்ணுக்கு அதில் தப்பே வராது. நீ அந்த இரண்டையும் டியூப்லைட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். விளக்குப் பெட்டி உன்னிடம் இல்லை. நீ இருக்கிற அறைக்கு ஜன்னலும் இல்லை. மில் முகவரியும் வேண்டாம் என்கிறாய்.

என்னம்மா ஆச்சு?

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியும். சாப்பிடும்போது வாயில் சோற்றை நிறையப் போட்டுக்கொள்கிறேன், பேச்சு வராமல் இருக்க. உளவு பார்த்தேன் என்று கோபப்படு, பரவாயில்லை. ஆனால் எழுது.

அப்பா

*

ஏப்ரல் 15

அப்பா,

உடம்பு நன்றாக இருக்கிறது. அது பொய்யில்லை. மற்றதெல்லாம் பொய்.

மார்ச் முதல் தேதி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பள்ளிச் சட்டைத் துணி. சட்டைக்கு ஒரு லாட், காலருக்கு ஒரு லாட், இரண்டும் ஒரே ஷேடுதானா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். தைத்து முடித்த பிறகு வாங்குகிறவர் ஒரு சட்டையை ஜன்னலருகே தூக்கிப் பிடித்திருக்கிறார். சட்டை ஒரு நிறம், காலர் வேறு நிறம். மொத்தமும் திரும்பி வந்தது. சாம்பல் துணிதான் அப்பா. சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள், நான் ஒருநாள் தனியாகச் சிரித்தேன்.

நான் அதைப் பகல் விளக்கில் பார்த்திருக்க வேண்டும். டியூப்லைட் சுவிட்சில் பார்த்திருக்கிறேன். ஏன் அந்த சுவிட்ச் போட்டிருந்தது என்று கண்ணாடியம்மா கேட்டார். "கவனக்குறைவு" என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார். "உனக்கு இப்படி வராதே, நடந்ததைச் சொல்லு" என்றார். நான் அதையே சொன்னேன்.

இனி உங்களிடமும் மறைத்துப் பயனில்லை. நீங்கள் கண்டுபிடித்தே தீருவீர்கள். அன்று மத்தியானம் உங்கள் எட்டுப் படங்களை உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது படத்தை டியூப்லைட்டில் பார்க்கும்போது லாட் வந்துவிட்டது, கூப்பிட்டார்கள். படங்களை எடுத்துவிட்டேன். சுவிட்சை மாற்றவில்லை.

உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்களை எனக்குத் தெரியும். பிரிண்டரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பீர்கள். அது வேண்டாம். இருபது படமும் அந்தச் சுவருக்குப் போக வேண்டும்.

இப்போது மருந்து மொத்தக் கடை ஒன்றின் கீழ்த்தளக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். அங்கே டியூப்லைட். அறையிலும் டியூப்லைட், ஜன்னல் இல்லை, நீங்கள் சொன்னது சரி. நடுவில் பத்து நிமிஷ நடைதான் பகல். அப்போது இரண்டு படத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஜனங்கள் வழிவிட்டு ஒதுங்குவார்கள்.

மில்லுக்கு எதுவும் எழுதாதீர்கள். அம்மாவிடம் சொல்லாதீர்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்ற அந்த மூன்று வார்த்தையைக் கேட்கிற தெம்பு இப்போது எனக்கில்லை.

வாலு

*

ஏப்ரல் 22

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை எட்டு தடவை படித்தேன். முதல் நாள் நடந்தேன். ஹால், சமையலறை, வாசல், மறுபடி ஹால். அம்மா கேட்டதற்கு இடுப்புப் பயிற்சி என்றேன். இருபத்துநாலு பார்வை வேண்டும் என்று எழுதின கை இது. தமாஷாக எழுதினேன். அதை நீ தமாஷாக எடுத்துக்கொள்ளாமல் பசியோடு நின்று எண்ணி எண்ணிப் பார்த்திருக்கிறாய்.

பிரிண்டரைப் பரணில் போடவில்லை. நீ சொன்னதற்காகத்தான். இருபதும் கறுப்பு மையில், மேட் பேப்பரில் அடித்துக் காயவைத்துவிட்டேன். ஜன்னல், டியூப்லைட், பல்பு மூன்றிலும் சாம்பல் சாம்பலாகவே நிற்கிறது. கிட்டே போனால் மிளகு தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும். அதை நினைத்துச் சந்தோஷப்பட வரவில்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

மில்லுக்கு எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை. எனக்குக் கடிதம் எழுத வராது, உனக்கு எழுதுவது கடிதத்தில் சேர்த்தியில்லை. வேலையில் இருந்தபோது எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று, லிஃப்ட் நின்றுபோனால் கொடுக்கிற பழுது அறிக்கை. அதையே எழுதினேன். தபால்தலை ஒட்டி, கவரை மூடாமல் இதோடு வைத்திருக்கிறேன். போடுவதும் கிழிப்பதும் உன் இஷ்டம். உனக்குத் தெரியாமல் போட்டுவிடலாமா என்று தபால் பெட்டிவரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். ஒருதடவை உன்னை உளவு பார்த்தாயிற்று, அதோடு போதும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கிற பார்வை நாளுக்கு நாள் நீளமாகிறது. ரொம்ப நாள் தாங்காது.

சாப்பிடு.

அப்பா

(உடன் வைத்தது)

மேற்பார்வையாளர் அம்மையார் அவர்களுக்கு, வணக்கம்.

பழுது அறிக்கை.

இடம்: உங்கள் ஷேடு பார்க்கும் அறை, விளக்குப் பெட்டி.

பழுது: பகல் விளக்கில் பார்க்க வேண்டிய துணி டியூப்லைட்டில் பார்க்கப்பட்டது.

காரணம்: நான் வீட்டு இங்க்ஜெட்டில் அடித்த எட்டுப் போட்டோ பிரிண்ட்டுகளை, மூன்று விளக்கிலும் பார்த்துச் சொல்லும்படி என் மகளுக்கு அனுப்பியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைப் பார்த்தபோது போட்ட சுவிட்ச் மாற்றப்படவில்லை. வெளிப்பொருள் வைக்கக் கூடாது என்ற உங்கள் விதி எனக்குத் தெரியும். அவள் எழுதியிருந்தாள். தெரிந்தும் அனுப்பினேன்.

பழுது இல்லாத பாகம்: என் மகளின் கண். அதற்குச் சான்றாக அவள் பிப்ரவரி 9-ல் எனக்கு எழுதிய முடிவுகளின் நகலும், அதில் குறிப்பிட்ட ஐந்து பிரிண்ட்டுகளின் பிரதியும் வைத்திருக்கிறேன். உங்கள் பெட்டியிலேயே சரிபார்க்கலாம்.

பொறுப்பு: முழுவதும் என்னுடையது.

அவளைத் திரும்ப எடுங்கள் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. ஏன் நடந்தது என்று நீங்கள் கேட்டீர்களாம். பதில் தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக் (ஓய்வு)

*

ஏப்ரல் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கால், இடுப்பு, சுவரில் இருக்கிற இருபது பேர், எல்லாரும் நலமா?

உங்கள் அறிக்கையைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. வேண்டாம் என்றதைத்தான் முதலில் செய்வீர்கள். கிழிக்கலாம் என்று எடுத்து வைத்தேன். கிடங்கில் லேபிள் ஒட்டும்போதெல்லாம் அது பையில் இருந்தது. ஐந்து நாள் என்னோடு வேலைக்கு வந்து போனது.

பிறகு திரும்பப் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு வரி மட்டும் தப்பு. 'பொறுப்பு: முழுவதும் என்னுடையது' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டேன். படம் அனுப்பியது நீங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சுவிட்சைப் பார்க்க வேண்டியது நான். ஒரு லாட்டுக்கு மூன்று தடவை பார்க்கிற நான், கண்ணாடியம்மா என்னை நம்புகிறார் என்ற தெனாவட்டில் அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன், பாதி என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். அதையும் கீழே நாலு வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று மத்தியானம் தபாலில் போட்டேன். இன்றோடு ஆறு மாதம். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். தபால்காரர் சைக்கிளுக்குக் காத்திருக்காதீர்கள். சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வண்டியில் வருகிறேன். இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறேன், அதன் பிறகு கிடங்குக்குத் திரும்ப வேண்டும். நிரந்தரமாகாமல் படி மிதிக்கிறேன். அம்மா அந்த மூன்று வார்த்தையைச் சொல்லட்டும், நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நடந்ததை அவளிடம் சொல்லப்போவது நான். நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சோற்றை நிறைய வாயில் போட்டுக்கொண்டு நான் வரும்வரை ஓட்டுங்கள். முகத்தை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வாலு